சைரன் வீட்டுத் தலைவலி

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். சைரன் விஷயத்தில் மணியோசையும் வந்து, யானையும் வந்து, இரண்டும் போய், தெரு தூசி தட்டிக்கொண்டு எழுந்த பிறகும் அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டு தடவை பின்னால் திரும்பிப் பார்ப்பார், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

வேலையில் இருந்தவரை அவர் சிவப்பு விளக்கைப் பார்த்து நின்றதே இல்லை. விளக்குதான் அவரைப் பார்த்துப் பயந்து பச்சையானது. ஓய்வு பெற்ற கையோடு ஒரு சின்னக் கார் வாங்கினார். தன்னை யாரோ தீயணைப்பு வண்டி என்று நினைத்துவிட்டார்கள் என்பது அந்தக் காருக்குப் புரிந்துதான் இருக்கும், சொல்ல வாயில்லை. அதன் பின்பெட்டியில் மணல் வாளி, கோடரி, மடக்கு ஏணி, ஒரு கிணற்றையே கட்டி இழுக்கலாம் போன்ற கயிறு. ரொட்டி வாங்கக் கிளம்பினாலும் ஊர் பற்றி எரிவதுபோல் ஒரு உறுமல், ஒரு பாய்ச்சல், முனையில் ஒரு பிரேக். பெட்ரோல் முள் அவர் உட்கார்ந்ததுமே சோர்ந்து படுத்துவிடும். பெட்ரோல் பங்கில் அவரைப் புது மாப்பிள்ளைபோல் வரவேற்றார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், காலைக் கடன். நிலையத்தில் விடிந்ததும் முதல் வேலை வண்டியை ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைப்பது. தீ சொல்லிக்கொண்டு வருமா? வீட்டிலும் அந்த வழக்கத்தை விடவில்லை. வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் கார் முகத்தை வாசல் பக்கம் வைத்து நிற்கும். விடிந்ததும் இன்ஜினைக் கிளப்பி ஓடவிடுவார். தேநீர் டம்ளரோடு தெருவாசலுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொள்வார். "இன்ஜினைக் கிட்ட நின்னு கேட்டா இரைச்சல். தூரத்துலேருந்து கேட்டாத்தான் பாட்டு" என்பார்.

அந்தப் பாட்டு எதிர்வீட்டுப் பல் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் வந்து நின்றார்.

"சைரன் சார், மனுஷன் தூங்க வேண்டாமா?"

"ஊர்ப் பல்லையெல்லாம் ஓட்டை போடுறீங்களே டாக்டர், அப்ப வராத சத்தமா இது?"

"நான் மரக்க ஊசி போட்டுட்டுத்தான் ஓட்டை போடுறேன். நீங்க எங்க காதுக்கு ஒண்ணும் போடலையே!"

நியாயம்தான் என்று பட்டது சைரனுக்கு. குளிர்காலமும் பிறந்திருந்தது. அன்று முதல் ஷட்டரைத் தரைவரை இறக்கிவிட்டு, உள்ளே இன்ஜினைப் பாட விட்டார். டாக்டர் தூங்கினார். தெருவில் சமாதானம் நிலவியது. சைரனுக்குத் தன் பெருந்தன்மையை நினைத்துக் கண்ணே கலங்கிவிட்டது.

அவர் மனைவிக்குத் தலைவலி வரத் தொடங்கியதும் அந்தக் குளிரில்தான்.

அவள் திரைச்சீலை தைப்பவள். ஊரில் பாதி ஜன்னல்கள் அவள் தைத்த துணியைத்தான் உடுத்தியிருந்தன. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த அறைதான் அவள் தையல் அறை. ஷெட்டுக்குள் திறக்கும் ஒரு பழைய கதவும் அதில் உண்டு. சுண்டெலி குடும்பத்தோடு போய்வரலாம் போல அடியில் ஒரு சந்து. ஜன்னலை அடைத்து, இடுக்கில் வெட்டுத்துணியைத் திணித்துக் குளிரைத் தடுத்திருந்தாள். விடிந்ததும் மெஷினில் உட்காருவாள். அவர்கள் வீட்டுக் காலை என்றால் அந்தப் பக்கம் இன்ஜின், இந்தப் பக்கம் தையல் மெஷின், இரண்டும் சேர்ந்து ஒரு கச்சேரி.

முதலில் நெற்றிப்பொட்டில் ஒரு குத்தல். பிறகு குமட்டல். ஊசியில் நூல் கோக்கப் போனால் ஊசி இரண்டாகத் தெரிந்தது. கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். பெரிய டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்கே" என்றார், ஏதோ அவள்தான் ஏமாற்றுகிறாள் என்பதுபோல.

"ஓய்வு எடுங்கம்மா" என்றார் கடைசியில்.

ஓய்வெடுக்க மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மகள் வீட்டுக்குப் போனாள். மகள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். அப்பா ஓட்டும் அழகைச் சின்ன வயதிலேயே பார்த்ததால்தான் அந்தத் தொழிலுக்கே போனாள் என்று ஊரில் பேச்சு. அங்கே போன மறுநாளே தலைவலி போன இடம் தெரியவில்லை. சிரித்தாள், சாப்பிட்டாள், மகள் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் புதுத் துணி தைத்துத் தள்ளினாள். வீடு திரும்பினாள்; தலைவலியும் பெட்டி படுக்கையோடு பின்னாலேயே வந்தது. மறுபடி மகள் வீடு, மறுபடி சுகம். மறுபடி வீடு, மறுபடி வலி.

இரண்டும் இரண்டும் நாலு என்று கணக்குப் போடத் தெரிந்த யாருக்கும் விடை கிடைத்துவிடும். மகள் போட்டாள்.

"அப்பா, அம்மா இனிமே இங்கேயே இருக்கட்டும்" என்றாள் போனில்.

"அப்ப தலைவலி நானா?"

"சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள் மகள். அந்த விசாரிப்பைவிட ஒரு வசவு தேவலை.

சைரன் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். எரிகிற மாடியிலிருந்து மனிதர்களைத் தோளில் போட்டு இறக்கியவர்; சொந்த வீட்டில் ஒருத்திக்கு அவர் முகமே ஆகவில்லை. சுற்றிப் பார்த்தார். தையல் மெஷினுக்கு உறை போட்டிருந்தது. பாதி தைத்த நீலத் திரை நாற்காலியில் தொங்கியது. அன்று இரவு சாதம் வடிக்கப்போய்க் கஞ்சி வைத்தார், கஞ்சியைத் தீய வைத்தார். தீயணைப்பு நிலையத்தில் தெரிந்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும்.

மறுநாள் மகள் வீட்டு வாசலில் போய் நின்றார். மலையை எப்படி ஏறி இறங்கினார் என்பதைக் காரின் டயர்தான் சொல்ல வேண்டும். அதில் சொல்லக்கூட ஒன்றும் மிச்சமில்லை.

"நான் என்ன செஞ்சா அவ வருவா?" என்றார், காலணியைக்கூடக் கழற்றாமல்.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்க மேல கோபமெல்லாம் இல்லீங்க. அந்த வீடே எனக்கு ஆகலை. வழியெல்லாம் கார்ல குடல் வாய்க்கு வருது, வீட்டுக்குப் போனா தலை வெடிக்குது. எனக்கும் வயசாயிடுச்சு."

"உனக்கா வயசு? போடி!"

மகள் இடுப்பில் கைவைத்து நின்றாள். பள்ளியில் மக்கு மாணவர்கள் முன்னால் நிற்பாளே, அதே நிலை. "முதல்ல வழியைச் சரி பண்ணுவோம்ப்பா. டேஷ்போர்டுல ஒரு டம்ளர் தேநீர் வைப்பேன். மலை தாண்டுற வரைக்கும் சிந்தக்கூடாது. அன்னிக்குத்தான் அம்மாவை உங்க கார்ல ஏத்துவேன்."

"தேநீரா? அரை டம்ளரா?"

"விளிம்பு வரைக்கும்."

அன்றே பாடம் தொடங்கியது. ஆயிரம் தீயைப் பார்த்தவர், தான் பெற்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்து "ம்ஹூம்" என்று சொன்னால் வேர்த்துக் கொட்டினார். முதலில் பின்பெட்டியைக் காலி செய்யச் சொன்னாள். கோடரியை இறக்கும்போது குழந்தையைப் பள்ளியில் விடுகிற தகப்பன்போல் நின்றார். கோடரி இறங்கியதும் கார் நிம்மதியாக ஒரு சாண் உயர்ந்து நின்றது.

"டயர்ல காத்துக் கம்மியா இருக்கு. பாதி பெட்ரோலை இதுவே குடிக்கும். பெடலை மிதிக்காதீங்கப்பா, அது கரப்பான் பூச்சி இல்லை."

"மெதுவா அமுக்கினா போகவே மாட்டேங்குதே?"

"போகும். இன்ஜின் கத்துறதுக்கு முன்னாடியே அடுத்த கியரைப் போடுங்க. அதோ, தூரத்துல சிவப்பு. இப்பவே காலை எடுங்க, வண்டி தானா உருண்டு போகட்டும்."

"சிவப்பைப் பாத்துக் காலை எடுக்குறதா!" என்றார் சைரன். முப்பது வருஷப் பழக்கம் வலது காலில் வந்து உட்கார்ந்து அழுதது. ஆனாலும் எடுத்தார். கார் உருண்டுகொண்டே போனது. அவர்கள் போய்ச் சேரவும் விளக்கு பச்சையாகவும் சரியாக இருந்தது. பிரேக்கைத் தொடவே இல்லை.

"அட!" என்றார் சைரன். ஏதோ அந்த விளக்குக்குத் தன்னை இன்னும் அடையாளம் தெரிகிறது என்பதுபோல் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அவருக்கு எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. இரண்டாம் நாளே மலை இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியையும் திருப்பி அணைக்கப் போனார். மகள் போட்ட கூச்சலில் பறவைகள் இரண்டு மலை தள்ளிப் போய் இறங்கின.

"இன்ஜினை அணைச்சா பிரேக் கல்லாயிடும், ஸ்டியரிங் பூட்டிக்கும்! இறக்கத்துல கியர்லயே விடுங்க. காலை எடுத்துட்டாலே இந்த இன்ஜின் பெட்ரோல் குடிக்காது, வண்டியையும் பிடிச்சு நிறுத்தும். மிச்சம் பிடிக்கிறேன்னு உசிரை விடுறதா?"

"சரி வாத்தியாரம்மா" என்றார் சைரன், வாலைச் சுருட்டிக்கொண்டு.

"இன்னொண்ணு. காலைல எழுந்ததும் சும்மா ஓட விடுறீங்களே, அது வேணாம். கிளம்புறப்ப ஸ்டார்ட் பண்ணி, உடனே மெதுவா நகர்ந்தாப் போதும். ஓட ஓடச் சூடாயிடும். நின்ன இடத்துல இன்ஜின் ஓடுறது வெட்டிப் பெட்ரோல்."

இது மட்டும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. காலைக் கடனை விடுவதா? ஆனால் நாற்காலியில் தொங்கிய நீலத் திரை நினைவுக்கு வந்தது. விட்டார்.

எத்தனை டம்ளர் தேநீர் டேஷ்போர்டைக் குளிப்பாட்டியது என்று யாரும் எண்ணவில்லை. கார் ஒரு தேநீர்க்கடைபோல் மணக்க ஆரம்பித்தது. ஈக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறின. ஒருநாள் மலையின் கடைசி வளைவையும் தாண்டி மகள் டம்ளரை எடுத்துப் பார்த்தாள். ஆடை கலையாமல் அப்படியே இருந்தது. பெட்ரோல் முள்ளும் போட்ட இடத்தைவிட்டு அசையவில்லை. ஓய்வெடுத்து ஓய்வெடுத்து அது பெருத்தே போயிருந்தது.

மகள் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள். "கூட்டிட்டுப் போங்கப்பா."

மனைவி பயத்தோடுதான் ஏறினாள். மடியில் பை, பைக்குள் எலுமிச்சம்பழம், முகத்தில் தீர்மானம். முதல் வளைவில் கண்ணை மூடினாள். மூன்றாம் வளைவில் திறந்தாள். பாதி மலையில் தூங்கிப்போனாள். சைரன் மூச்சைக்கூட அடக்கி விட்டுக்கொண்டு ஓட்டினார். அவள் தலை அவர் தோளில் சரிந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக சைரன் ஒதுங்கி வழிவிட்டார்.

வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் தலைவலி இல்லை. அடுத்த நாளும் இல்லை. நீலத் திரை முடிந்து பச்சைத் திரை தொடங்கியது.

"என்னங்க, இந்தத் தடவை வீடு ஒத்துக்குது!" என்றாள், அவளுக்கே ஆச்சரியம் தாங்காமல்.

"நான் ஒத்துக்குறேன்னு சொல்லு" என்றார் சைரன். தான் பூப்போல மாறிவிட்டதால்தான் அவள் தலை தெளிந்தது என்று அவருக்கு நிச்சயம். தெருவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பல் டாக்டரிடம் இரண்டு தடவை சொன்னார். குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார், இப்போதெல்லாம் அது மூன்று வீட்டுக்கு மேல் கேட்பதில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. தண்ணீர்த் தொட்டியில் ஆடைபோல் பனி படிந்த காலை. இந்தக் குளிரில் இன்ஜின் விறைத்துப் போயிருக்குமே, சாப்பிட்டதும் மகளைப் பார்க்கப் போகவேண்டுமே என்று சைரனுக்கு அடித்துக்கொண்டது. ஒரே ஒரு நாள். கொஞ்ச நேரம். மகளுக்குத் தெரியவா போகிறது? ஷெட்டுக்குள் போனார், சாவியைத் திருப்பினார், டாக்டரின் தூக்கத்தை நினைத்து ஷட்டரைத் தரைவரை இறக்கினார், டம்ளரோடு தெருவாசலுக்குப் போனார்.

இன்ஜின் பாடியது. கூடவே மெஷின். எத்தனை நாளாயிற்று இந்தக் கச்சேரி கேட்டு! கண்ணை மூடிக்கொண்டு, டம்ளரில் தாளம் போட்டார். டாக்டர்கூட ஜன்னல் வழியே எட்டிப்பார்த்துக் கையாட்டினார்.

தேநீர் அடிக்கு வந்தபோது மெஷின் நின்றது.

நூல் அறுந்திருக்கும், கோப்பாள். காத்திருந்தார். கோக்கும் நேரம் கடந்தது. துணி மாற்றுகிறாளோ? அந்த நேரமும் கடந்தது. இன்ஜின் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தது.

சைரனுக்கு ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு அவரே அடித்துச் சொன்ன பேச்சு: கண்ணுக்குத் தெரியுற புகைக்குப் பயப்படாதீங்க, அதைப் பாத்து ஓடிடலாம், இன்ஜினும் அடுப்பும் விடுற விஷக்காத்துக்கு நிறமும் இல்ல, மணமும் இல்ல, அது தலைவலி மாதிரி வந்து தூக்கம் மாதிரி கொண்டுபோயிடும். நிலையத்தில் வண்டிக் கூடத்தின் கதவுகள் இரண்டு ஆள் உயரம், எந்நேரமும் திறந்தே கிடக்கும். இங்கே ஷட்டர் தரைவரை. இந்தப் பக்கம் சுண்டெலிச் சந்து.

டம்ளர் விழுந்து உடைந்த சத்தம் கேட்பதற்குள் அவர் தையல் அறையில் இருந்தார். அவள் பச்சைத் துணியில் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். மூச்சு இருந்தது. ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்துத் தூக்கினார். எத்தனையோ பேரைத் தூக்கிய கைகள். வாசலுக்குக் கொண்டுவந்து, பனிக்காற்றில் படியில் உட்கார்த்தி, தோளோடு அணைத்துக்கொண்டு கத்தினார்.

"டாக்டர்ர்ர்!"

வேலைக்காலத்தில்கூட அப்படி ஒரு சைரன் ஒலித்ததில்லை. நான்கு தெரு தள்ளி நாய்கள் பதில் சொல்லின. பல் டாக்டர் ஒரு காலில் செருப்போடு ஓடிவந்தார். சைரன் ஷெட்டைக் காட்டி "விஷக்காத்து" என்றதும் ஷட்டரைத் தூக்கிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் இன்ஜினை அணைத்தார். பிறகு தன் காரை எடுத்துவந்தார்.

அவள் கண்ணைத் திறந்தது டாக்டரின் கார் மூன்றாவது குழியில் விழுந்தபோது. பின் இருக்கையில் சைரன் மடியில் தலை. எல்லா ஜன்னலும் திறந்து காற்று பிய்த்துக்கொண்டு போனது.

"யாரு ஓட்டுறா?" என்றாள், நாக்குழறி.

"டாக்டரு."

"உங்களுக்கு மேல மோசமா ஓட்ட ஆளு இருக்கா!"

சைரன் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து வேறு ஏதோ ஆயிற்று. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். ரத்தத்தில் விஷக்காற்று ஏறியிருக்கிறது, நல்ல வேளையாகச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்தீர்கள், இன்று ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. சைரன் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். குரல் எழும்பவில்லை. உண்மையிலேயே எழும்பவில்லை, தெருவில் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

"நான்தாம்மா. குளிர்காலம் பூரா நான்தான். ஊரையெல்லாம் புகையிலேருந்து இழுத்துப் போட்டுட்டு, உன்னைத் தெனமும் புகைக்குள்ள உக்கார வெச்சிருக்கேன். நீ மகள் வீட்லயே இரு. நான் கேக்க மாட்டேன்."

அவள் முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள். "அப்ப வயசானதால வரலையா?"

"இல்லை."

"பைத்தியம் பிடிக்கலையா?"

"சேச்சே."

"வீடு ஆகாமப் போகலை. நீங்களும் ஆகாமப் போகலை."

"காருதான்" என்றார் சைரன், தலையைக் குனிந்துகொண்டு. "காரும், அதை மூடிவெச்ச மடையனும்."

"அந்த மடையனைத்தான் இத்தனை வருஷமா வெச்சுச் சமாளிக்கிறேன்." முகமூடியை மறுபடி வைத்துக்கொண்டாள். உள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் வந்தது: "பச்சைத் திரை பாதியில நிக்குது. நாளைக்கு வீட்டுக்குத்தான் வருவேன். அதுக்குள்ள அந்தச் சந்தை அடைச்சு வைங்க."

அவர் சந்தை மட்டும் அடைக்கவில்லை. கதவையே எடுத்துவிட்டுச் செங்கல் வைத்துச் சுவராக்கினார். குண்டு போட்டாலும் அசையாத சுவர். அணைக்குக் கட்ட வேண்டியதைத் தையல் அறைக்குக் கட்டிவிட்டார். ஜன்னல் இடுக்கில் இருந்த துணியை எடுத்தார். விஷக்காற்று வந்தால் கத்தும் ஒரு சின்னக் கருவியை வாங்கிச் சுவரில் மாட்டினார். "வீட்டுல இனிமே ரெண்டு சைரன்" என்றாள் மனைவி.

ஷெட்டுக்குள் சாவியைத் திருப்புவது அன்றோடு நின்றது. ஒரு மூச்சுப் புகைகூட உள்ளே இருக்கக்கூடாதாம். கிளம்ப வேண்டிய நாளில் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, காரைக் கையாலேயே தெருவுக்குத் தள்ளுவார். ஸ்டியரிங் பூட்டு விடுகிற அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்பி, ஓட்டுநர் இருக்கையில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பவள் அவள்.

"வலது பக்கம் ஒடி, வலது பக்கம்!" என்று பின்னாலிருந்து மூச்சிரைப்பார் சைரன்.

"தெரியுது, தள்ளுங்க!"

எதிர்வீட்டு வாசலில் பல் டாக்டர் தேநீர் டம்ளரோடு நிற்பார். சத்தமே இல்லாத இந்த வேடிக்கைக்காக இப்போது அவர் சீக்கிரமே எழுந்துவிடுகிறார். "சைரன் சார், இதுக்கு மேல பெட்ரோலை மிச்சம் பிடிக்கணும்னா நடந்துதான் போகணும்!" என்று குரல் கொடுப்பார்.

கார் வெயிலுக்கு வந்து நிற்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அவள் இறங்க வேண்டும், அவர் ஏற வேண்டும், அதுதான் ஏற்பாடு. அன்று அவள் இறங்கவில்லை. கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள். பையிலிருந்து தேநீர் டம்ளரை எடுத்து டேஷ்போர்டில் வைத்தாள், விளிம்புவரை.

"அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்றாள்.

"உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"மகள் வீட்ல திரை மட்டும்தான் தச்சேன்னு நெனச்சீங்களா? பரீட்சையெல்லாம் முடிச்சு லைசென்ஸும் வாங்கியாச்சு. ஏறுங்க, இன்ஜின் சும்மா ஓடக்கூடாது."

சாவியைத் திருப்பினாள். சைரன் ஓடிப்போய் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் நகர்ந்தது. தேநீரில் ஒரு சின்ன அலைகூட எழவில்லை. தெருமுனைக்கு வந்ததும் அவள் ஹாரனை ஒரே ஒரு தடவை, நீளமாக, தெரு முழுக்க எழுந்து வந்து பார்க்கும்படி அடித்தாள்.